அமிகா 500-க்கு மாற்று மவுஸ்: வாங்கும் முன், பொருத்தும் முன் செய்ய வேண்டியவை

1980-90களின் வீட்டுக் கணினிகளான கொமடோர் அமிகா 500, 600, 1200 ஆகியவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கணினி ஓடுகிறது, ஆனால் மவுஸ் இல்லை, அல்லது இருக்கும் மவுஸ் ஒழுங்காக நகரவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதே காலத்துக் கணினியான அட்டாரி எஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

இன்று சாதாரணக் கடைகளில் கிடைக்கும் எந்த மவுஸும் இந்தக் கணினிகளில் நேரடியாக வேலை செய்யாது. பழைய சந்தையில் கிடைக்கும் ஒன்பது பின் மவுஸ்களிலும் பல வேலை செய்யாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்ற விவரம் ஒரே இடத்தில் கிடைக்காததால் எனக்குப் பணமும் காலமும் வீணாயின. உங்களுக்கு அது நேர வேண்டாம் என்பதற்காகவே, செலவில்லாத படியில் தொடங்கிச் செலவு மிகுந்த படியில் முடியும்படி இதை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விதி: கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது மவுஸையோ ஜாய்ஸ்டிக்கையோ செருகவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. யுஎஸ்பி பழக்கத்தில் கை தானாகப் போய்விடும். அமிகாவின் இடது பொத்தான் 8520 என்ற சிஐஏ (உள்ளீடு-வெளியீட்டைக் கவனிக்கும்) சிப்புக்குச் செல்கிறது. கையிலிருக்கும் நிலைமின்சாரமோ ஒரு நொடி நேரும் தவறான தொடுகையோ அந்தச் சிப்பைக் கெடுக்கப் போதும். புதிதாகத் தயாரிக்கப்படாத சிப் என்பதால், மாற்று வேண்டுமென்றால் இன்னொரு பழைய இயந்திரத்திலிருந்தோ பழைய இருப்பிலிருந்தோதான் எடுக்க வேண்டும்.

1. பழுது கணினியிலா மவுஸிலா என்று முதலில் பிரித்தறியுங்கள்

மவுஸ் இல்லாமலேயே சுட்டியை நகர்த்த முடியும். அமிகாவில், விசைப்பலகையின் இரண்டு அமிகா விசைகளில் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு அம்புக்குறி விசைகளை அழுத்தினால் சுட்டி நகரும். இடது அமிகா விசையையும் இடது ஆல்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் இடது பொத்தான். வலது அமிகாவும் வலது ஆல்ட்டும் சேர்ந்தால் வலது பொத்தான். அட்டாரி எஸ்டியில் ஆல்ட்டுடன் அம்புக்குறிகள் சுட்டியை நகர்த்தும், ஆல்ட்டுடன் இன்சர்ட் இடது பொத்தானாகும். இப்படி நகர்த்தும்போது அமிகாவின் பணித்திரையான வர்க்பெஞ்ச் ஒழுங்காக நடந்துகொண்டால், மிச்சமுள்ள ஐயம் மவுஸிலும் போர்ட்டிலும்தான்.

அடுத்து போர்ட்டைச் சோதியுங்கள். கணினியை அணைத்து, அமிகாவில் 1 என்று குறித்த போர்ட்டில் வேலை செய்யும் ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக்கைச் செருகி, மீண்டும் இயக்குங்கள். ஜாய்ஸ்டிக்கின் சுடு பொத்தான் இடது பொத்தானாக வேலை செய்ய வேண்டும். குச்சியை அசைத்தால் சுட்டி சிறிதளவு துள்ள வேண்டும். இன்னும் தெளிவாக அறிய, அமிகா டெஸ்ட் கிட் என்ற இலவசச் சோதனை நிரலை வட்டிலிருந்து பூட் செய்யுங்கள்; இரண்டு போர்ட்டுகளிலும் எந்தத் திசை, எந்தப் பொத்தான் வருகிறது என்பதை அது திரையில் காட்டும்.

இங்கே கிடைக்கும் விடை செலவையே மாற்றிவிடும். எந்தக் கருவியைச் செருகினாலும் இடது பொத்தான் மட்டும் வரவில்லை என்றால், 8520 சிப்பைச் சந்தேகியுங்கள். அமிகா 500-இல் இரண்டு 8520 சிப்புகள் பெரும்பாலும் சாக்கெட்டில் இருக்கும். இரண்டும் ஒரே வகை என்பதால், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாற்றிவைத்து, பழுதும் கூடவே இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். 600, 1200 இரண்டிலும் அவை பலகையிலேயே சால்டர் செய்யப்பட்டவை. அந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். பொத்தான்கள் வந்து நகர்வு மட்டும் எந்தக் கருவியிலும் வரவில்லை என்றால், மவுஸின் நகர்வுக் குறிகைகள் திரைக் காட்சியைக் கவனிக்கும் டெனீஸ் சிப்புக்கு (1200-இல் லிசா) செல்லும் பாதையில் கோளாறு. அப்போதும் புது மவுஸ் வாங்குவதில் பயனில்லை.

2. பழைய மவுஸைத் திறந்து பாருங்கள்

கையில் அசல் மவுஸ் இருந்தால், அதைக் குப்பை என்று முடிவு கட்டும் முன் திறந்து பாருங்கள். வேலை செய்யவில்லை என்று விற்கப்படும் மவுஸ்களில் பலவற்றுக்குச் சுத்தம் மட்டுமே தேவைப்படும்.

அடியிலுள்ள வட்டத் தகட்டைத் திருகிப் பந்தை வெளியே எடுங்கள். உள்ளே இரண்டு மெல்லிய உருளைகளும், பந்தை அவற்றின் மீது தள்ளும் ஒரு சிறு சக்கரமும் தெரியும். உருளைகளின் நடுவே, பந்து தொடும் இடத்தில் மட்டும், கறுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருக்கும். முதல் பார்வைக்கு அது உருளையின் பாகம் போலவே இருக்கும், ஆனால் நகத்தால் சுரண்டினால் பட்டை பட்டையாக உரிந்து வரும். அதை மரக்குச்சியால் எடுத்துவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பந்தை மென்மையான சோப்பு நீரில் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகு வையுங்கள்; ரப்பர்ப் பந்தை ஆல்கஹாலில் ஊறவைக்காதீர்கள்.

சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால், பழுது எங்கே என்பதைச் சுட்டியின் நடத்தையே சொல்லிவிடும். அதைப் படிக்க, உள்ளே நடப்பதைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். ஒவ்வோர் உருளையின் முனையிலும் துளையிட்ட சக்கரம் ஒன்று இருக்கிறது. அதன் ஒருபுறம் அகச்சிவப்பு எல்இடி, மறுபுறம் ஒளியை உணரும் இரண்டு உணரிகள். அந்த இரண்டும் சற்றே முன்பின்னாக மாறி மாறித் துடிப்புகளைத் தரும். எது முந்துகிறது என்பதைக் கொண்டு திசையையும், எத்தனை துடிப்பு என்பதைக் கொண்டு தூரத்தையும் கணினி அறிகிறது. இதுவே குவாட்ரேச்சர் முறை. ஆகவே நிமிர்வுக்கு (மேல்-கீழ்) இரண்டு, கிடைக்கு (இடம்-வலம்) இரண்டு என நான்கு கம்பிகள் நகர்வுக்கு மட்டும் வேண்டும்.

ஒரு திசையில் சுட்டி முன்னேறாமல் நின்ற இடத்திலேயே நடுங்கினால், அந்தத் திசைக்குரிய இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது ஓர் உணரி செயலற்றுப்போயிருக்கிறது. ஒரு திசை முற்றிலும் இல்லை என்றால் அந்தப் பக்கத்து எல்இடியைப் பாருங்கள். நகர்வு எதுவுமே இல்லை என்றால் மின்சாரக் கம்பியோ தரை (கிரவுண்ட்) கம்பியோ போயிருக்கும். கேபிளை வளைத்து ஆட்டும்போது வேலை செய்து, விட்டால் நின்றுவிடும் மவுஸில், கேபிள் உடலுக்குள் நுழையும் அந்த ஒரு விரல் நீளத்தில் கம்பி முறிந்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சக் கேபிளை மீண்டும் பலகையோடு இணைத்தால் போதும். வெட்டுவதற்கு முன், எந்த நிறம் எந்த இடத்தில் இணைந்திருந்தது என்பதைக் கட்டாயம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி நிறங்களுக்குப் பொதுவான ஒழுங்கு இல்லை; இரண்டு அசல் மவுஸ்களிலேயே நிறங்கள் மாறுபடலாம்.

பொத்தான் ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாவதும், பலமாக அழுத்தினால் மட்டுமே பதிவாவதும் மைக்ரோசுவிட்ச் தேய்மானம். ஓம்ரான் டி2எஃப் வகைச் சுவிட்சுகள் பல மவுஸ்களுக்குப் பொருந்தும். கால்களின் இடைவெளியையும் உயரத்தையும் அளந்து பார்த்தபின் வாங்குங்கள்.

சுத்தம் செய்ய அரை மணி நேரம்; கேபிள் அல்லது சுவிட்ச் மாற்ற, சால்டரிங் பழகியவருக்கு ஒரு மாலை. ஆல்கஹாலும் சுவிட்சும் சேர்ந்தாலும், புதிய மவுஸைப் பழைய கணினியோடு இணைக்கும் ஓர் அடாப்டரின் விலையை எட்டாது.

3. ஒன்பது பின் என்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பலரும் பணத்தை இழப்பது இங்கேதான். ஒன்பது பின் கொண்ட டிஇ-9 இணைப்பியை (கடைகளில் டிபி9 என்று கேட்டால்தான் தருவார்கள்) அந்தக் காலத்தில் ஏறத்தாழ எல்லோருமே பயன்படுத்தினார்கள். ஆனால் உள்ளே போகும் குறிகைகள் வேறு வேறு. அமிகாவின் மவுஸ் போர்ட் அமைப்பு இது:

பின் 1 – நிமிர்வுத் துடிப்பு
பின் 2 – கிடைத் துடிப்பு
பின் 3 – நிமிர்வின் இணைத்துடிப்பு
பின் 4 – கிடையின் இணைத்துடிப்பு
பின் 5 – நடுப் பொத்தான்
பின் 6 – இடது பொத்தான்
பின் 7 – +5 வோல்ட்
பின் 8 – தரை
பின் 9 – வலது பொத்தான்

இதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இனி ஒவ்வொரு மவுஸையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அட்டாரி எஸ்டி மவுஸ் இதற்கு மிக நெருக்கமானது. அதுவும் குவாட்ரேச்சர் மவுஸ். பொத்தான்களும் மின்சாரமும் அதே பின்களில்தான். மாறுபடுவது பின் 1, பின் 4 ஆகிய இரண்டு மட்டுமே. அவை இடம் மாறியிருக்கும். அட்டாரி மவுஸை அமிகாவில் செருகினால் இரண்டு பொத்தான்களும் சரியாக வேலை செய்யும், சுட்டி மட்டும் தாறுமாறாகத் துள்ளும். அமிகா மவுஸ் என்ற பெயரில் எனக்கு விற்கப்பட்ட ஒன்று இப்படித்தான் நடந்துகொண்டது. இந்த அறிகுறியைக் கண்டால் மவுஸைத் திருப்பி அனுப்பக்கூட வேண்டியதில்லை. ஆறாம் படியில் அதைச் சரிசெய்யும் வழி இருக்கிறது.

பிசி சீரியல் மவுஸ்தான் மிகவும் ஏமாற்றுவது. அதன் முனையும் ஒன்பது துளைப் பெண் இணைப்பி. அமிகாவின் போர்ட்டில் அழகாக உட்காரும். ஆனால் அது சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 முறையில் பேசுவது, மின்சாரத்தையும் சீரியல் போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கம்பிகளிலிருந்து எடுத்துக்கொள்வது. மவுஸ் போர்ட்டில் அது ஒருபோதும் வேலை செய்யாது. செருகிப் பார்க்கவும் வேண்டாம். அமிகாவின் 25 பின் சீரியல் போர்ட்டில் இடைஇணைப்பு வைத்து, அதற்கான டிரைவரையும் ஏற்றினால் வர்க்பெஞ்சில் நகரும். ஆனால் வன்பொருளை நேரடியாகப் படிக்கும் விளையாட்டுகளில் அது இல்லாததற்குச் சமம்.

பழைய மேக்கின்டாஷ் 128கே, மேக் பிளஸ் மவுஸ்களும் குவாட்ரேச்சர் வகைதான், முனையும் டிஇ-9தான். ஆனால் +5 வோல்ட்டும் தரையும் வேறு பின்களில் இருப்பதால் அமிகாவில் அப்படியே இணைத்துப் பார்ப்பது ஆபத்து. கொமடோர் பெயரைத் தாங்கிய 1351, கொமடோர் 64-க்கானது. அதே நிறுவனம் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். ஏகோர்ன் ஆர்க்கிமிடீஸ் மவுஸின் முனை ஒன்பது பின் மினி-டின், வட்டமானது. குவாட்ரேச்சர் என்பதால் முனையை மாற்றிப் பயன்படுத்தலாம், ஆனால் அதைத் தேடும் ஆர்க்கிமிடீஸ்காரர்களுக்கே விட்டுவிடுவது நல்லது.

ஒரு புதிய குழப்பமும் சேர்ந்திருக்கிறது. 2022-இல் வெளிவந்த ஏ500 மினி என்ற சிறு கணினியுடன், பழைய அமிகா மவுஸைப் போலவே தோற்றமளிக்கும் மவுஸ் வந்தது. அது யுஎஸ்பி மவுஸ். படத்தில் முனை தெரியாதபடி விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தால், கேட்காமல் வாங்காதீர்கள்.

4. உங்களுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுங்கள்

தோற்றமும் பந்தின் உருளலும் அசலாகவே இருக்க வேண்டும் என்றால், சோதித்துப் பார்த்த அசல் அமிகா மவுஸ். விலை அதிகம், கேபிள் முதுமை அடைந்தது. ஆனால் வேறு எதுவும் தேவையில்லை.

வேலை நடந்தால் போதும், செலவு குறைய வேண்டும் என்றால், 1990-களில் பிற நிறுவனங்கள் விற்ற மவுஸ்களைத் தேடுங்கள். அவற்றில் பலவற்றின் அடியில் அமிகா, அட்டாரி என்று இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு சிறு தள்ளு சுவிட்ச் இருக்கும். புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெயரில்லாத மவுஸ் என்பதால் சேகரிப்பாளர்கள் இதன் மீது போட்டி போடுவதில்லை, இரண்டு கணினிகளிலும் வேலை செய்கிறது, சால்டரிங் தேவையில்லை. ஆனால் வந்தவுடன் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். தவறான பக்கத்தில் இருந்தால் பழுதென்றே தோன்றும்.

நாள்தோறும் பயன்படுத்த வசதியும் துல்லியமும் வேண்டும் என்றால் அடாப்டர்தான் வழி. பிஎஸ்/2 (யுஎஸ்பிக்கு முந்தைய, வட்ட முனை கொண்ட பிசி மவுஸ் வகை) அடாப்டர்கள் விலை குறைந்தவை. யுஎஸ்பி அடாப்டர்கள் கூடுதல் விலை, ஆனால் இன்று எங்கும் கிடைக்கும் மவுஸை ஏற்கும்.

வரைபடத்தைப் பார்த்து நீங்களே அடாப்டர் செய்து பழக விருப்பம் என்றால், ஸ்மாலிமவுஸ்2 போன்ற திறந்த வன்பொருள் திட்டங்கள் இருக்கின்றன. வரைபடமும் நிரலும் பொதுவில் கிடைக்கும். இதற்குச் சுற்றுப்பலகை அச்சிட்டு வரும் காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்.

5. பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய படங்களும் தாள்களும்

விற்பவரிடம் மூன்று படங்களைக் கேளுங்கள்: முனையின் முகப்பு, அடியிலுள்ள ஒட்டுச்சீட்டு, பந்தை எடுத்த பிறகு தெரியும் உட்புறம். முகப்புப் படத்தில் முனை எந்த வகை என்பதையும், துளைகள் உடைந்திருக்கின்றனவா என்பதையும் காணலாம். ஒட்டுச்சீட்டில் எந்தக் கணினிக்கானது என்பது பெரும்பாலும் தெரியும். உட்புறப் படம், அந்த மவுஸ் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதைக் காட்டிவிடும். படம் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

“சோதிக்கவில்லை” என்ற சொல்லைப் பழுது என்றே எண்ணி விலை பேசுங்கள். “உதிரிக்காக” என்று குறிப்பிட்டு விற்றதை, வேலை செய்யவில்லை என்று சொல்லித் திருப்பித் தருவது கடினம். மாறாக “சோதித்தேன்” என்று சொல்பவரிடம், எந்தக் கணினியில் சோதித்தார் என்று கேளுங்கள். அட்டாரியில் சோதித்ததை அமிகாவுக்கு என்று விற்பது தெரியாமையால்கூட நடக்கிறது.

இந்தக் கணினிகள் மிகுதியாக விற்றது பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் என்பதால், உதிரிகளும் அங்கிருந்துதான் பெரும்பாலும் வருகின்றன. பிரிட்டன் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால், இரண்டு நாடுகளுக்கும் இடையே வாங்குபவர்கள் வரியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021 ஜூலை 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருளுக்கு, மதிப்பு எவ்வளவு சிறியதாயினும், மதிப்புக் கூட்டு வரி உண்டு. அதற்கு முன் 22 யூரோ வரை இருந்த விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது. வரியோடு, அதை வசூலித்துத் தருவதற்காகத் தூதஞ்சல் நிறுவனம் தனிக் கட்டணமும் கேட்கலாம். விலை குறைந்த மவுஸுக்கு அந்தக் கட்டணமே பெரிதாகிவிடலாம். அஞ்சலில் வரும் சிறு பொதியில் சிஎன்22 என்ற சுங்கச் சீட்டு ஒட்டப்பட வேண்டும். பொருளின் பெயர், எடை, மதிப்பு மூன்றும் அதில் உண்மையாக எழுதப்பட வேண்டும் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெறுமனே “கணினிப் பாகம்” என்று எழுதிய பொதிகள் சுங்கத்தில் தங்கிவிட வாய்ப்புண்டு. பணம் செலுத்திய ரசீதைப் பொதி கைக்கு வரும்வரை வைத்திருங்கள். மதிப்பில் ஐயம் எழுந்தால் கேட்கப்படும் தாள் அதுவே.

அடாப்டர்கள் பெரும்பாலும் ஓரிருவர் வீட்டில் உட்கார்ந்து செய்யும் பொருள்கள். ஒரு தொகுதி விற்றுத் தீர்ந்தால் அடுத்த தொகுதி வரும்வரை காத்திருக்க வேண்டும். இருப்பில் இருக்கிறதா, முன்பதிவா என்பதைப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

6. அட்டாரி மவுஸை அமிகாவில் பயன்படுத்துதல்

மவுஸை வெட்ட வேண்டாம். அசல் முனைகள் வார்த்து ஒட்டப்பட்டவை. பிரித்தால் பழையபடி சேராது. அதற்குப் பதிலாக நடுவே வைக்கும் ஒரு சிறு இணைப்பைச் செய்யுங்கள். நாளை அந்த மவுஸை அட்டாரிக்கே திருப்பித் தர வேண்டியிருந்தாலும் சிக்கல் இல்லை.

தேவையானவை: டிஇ-9 பெண் இணைப்பி ஒன்று, ஆண் இணைப்பி ஒன்று, இரண்டுக்கும் மூடிகள், ஒரு சாண் நீளத்துக்குப் பல நிறக் கம்பிகள். பெண் முனை கணினியில் செருகப்படும். ஆண் முனையில் மவுஸ் செருகப்படும். 2, 3, 6, 7, 8, 9 ஆகிய பின்களை அதே எண்ணுக்கு நேராக இணையுங்கள். பெண் முனையின் 1-ஐ ஆண் முனையின் 4-க்கும், பெண் முனையின் 4-ஐ ஆண் முனையின் 1-க்கும் இணையுங்கள். பின் 5 தேவையில்லை.

எண்களை எண்ணும் திசையில் கவனம் தேவை. பெண் இணைப்பியை முகப்பிலிருந்து பார்க்கும்போது ஒரு திசையில் ஓடும் எண்கள், சால்டர் செய்யும் பின்புறத்திலிருந்து பார்க்கும்போது எதிர்த்திசையில் ஓடும். இதில் குழம்பினால் +5 வோல்ட் வேறு பின்னுக்குப் போய்விடும். நல்ல வேளையாக, இணைப்பியின் பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு பின்னின் அருகிலும் மிகச் சிறிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தெரியும். அதை மட்டுமே நம்புங்கள்.

சால்டர் செய்து முடித்ததும் கணினியில் செருகாதீர்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒவ்வொரு பின்னும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். பிறகு அடுத்தடுத்த பின்கள் ஒன்றோடொன்று தொடவில்லை என்பதையும் பாருங்கள். 7-க்கும் 8-க்கும் இடையே தொடர்ச்சி இருந்தால், அது கணினியின் மின்சாரத்தையே குறுக்கிணைப்பதாகும். அந்த ஒரு சோதனையை மட்டும் இருமுறை செய்யுங்கள்.

மூடி வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். அமிகா 500-இல் இரண்டு போர்ட்டுகளும் நெருக்கமாக இருப்பதால், அகலமான மூடி ஜாய்ஸ்டிக்குக்கு இடம் விடாது. அட்டாரி எஸ்டிஎஃப், எஸ்டிஇ கணினிகளில் போர்ட்டுகள் விசைப்பலகையின் அடியில் குறுகிய குழிக்குள் இருக்கும். அங்கே மெல்லிய மூடியோ நீட்டிப்புக் கேபிளோ இல்லாமல் எதுவும் நுழையாது.

இதே அறிவு வேறு எந்த குவாட்ரேச்சர் மவுஸை மாற்றும்போதும் உதவும். மேலே தள்ளும்போது சுட்டி கீழே போனால் 1, 3 இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். இடவலம் மாறியிருந்தால் 2, 4 இரண்டையும் மாற்றுங்கள்.

7. அடாப்டர் வாங்குபவர்களுக்கு

பிஎஸ்/2 அடாப்டருக்கு பிஎஸ்/2 மொழி பேசும் மவுஸ் வேண்டும். யுஎஸ்பி மவுஸின் முனையில் பச்சை நிறச் சிறு மாற்றியைச் செருகினால் அது பிஎஸ்/2 மவுஸ் ஆகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த மாற்றிக்குள் கம்பிகள் மட்டுமே இருக்கின்றன; இரண்டு மொழியும் தெரிந்த மவுஸோடு மட்டுமே அது வேலை செய்யும். அந்த மாற்றியோடு சேர்த்தே விற்கப்பட்ட பழைய மவுஸ்கள் அப்படிப்பட்டவை; இன்றைய மவுஸ்களில் அந்த வசதி அரிது. உண்மையான வட்ட முனை பிஎஸ்/2 மவுஸ் ஒன்றைப் பழைய பொருள் கடையில் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

யுஎஸ்பி அடாப்டர்களில், அட்டாரி, அமிகா, கொமடோர் 64 ஆகியவற்றுக்கு ஏற்ப மாற்றி அமைக்கக்கூடிய மவுஸ்டர் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. எதை வாங்கினாலும் மவுஸை எளிமையாகத் தேர்ந்தெடுங்கள்: கம்பியுள்ள, மூன்று பொத்தான், வண்ண விளக்குகள் இல்லாத அலுவலக மவுஸ். பல அடாப்டர்கள் யுஎஸ்பியின் அடிப்படையான பூட் முறையை மட்டுமே அறிந்தவை. விளையாட்டுக்கென விற்கும் மவுஸ்களும், விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் சேர்த்து ஒரே டாங்கிள் கொண்டவையும் அந்த முறையில் தடுமாறலாம். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகுவதையும் தவிருங்கள்.

மின்னோட்டத்தையும் பாருங்கள். மவுஸ் போர்ட்டின் 5 வோல்ட், சில எல்இடிகளையும் ஒரு சிறு சிப்பையும் இயக்குவதற்காகக் கொடுக்கப்பட்டது. மவுஸின் அடியில் “5 வோல்ட், 100 மில்லி ஆம்பியர்” என்பது போன்ற அளவு அச்சிடப்பட்டிருக்கும். 100 அல்லது அதற்குக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். விளக்கு அலங்காரம் செய்த மவுஸ்கள் இதைத் தாண்டுபவை.

வேகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துல்லியம் மிகுந்த புதிய மவுஸ் வாங்கியவர்களே இங்கு அதிகம் துன்பப்படுகிறார்கள். அமிகாவில் மவுஸ் நகர்வை எண்ணும் எண்ணி எட்டு பிட் அளவுடையது, அதாவது 0 முதல் 255 வரை எண்ணி மீண்டும் 0-க்குத் திரும்புவது. திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், அதாவது ஐரோப்பிய இயந்திரத்தில் நொடிக்கு 50 முறை, கணினி அந்த எண்ணைப் படித்து முந்தைய எண்ணோடு ஒப்பிடுகிறது. ஒரு படிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 127-க்கு மேல் துடிப்புகள் வந்துவிட்டால், எதிர்த்திசையில் நகர்ந்ததாகக் கணினி புரிந்துகொள்ளும். வேகமாக வலப்புறம் இழுத்தால் சுட்டி இடப்புறம் பாயும். அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 6,350 துடிப்புகளே மேல் வரம்பு. அக்கால மவுஸ் அங்குலத்துக்குச் சுமார் 200 துடிப்பு தந்தது. கையால் அந்த வரம்பைத் தொடுவது கடினம். 1,600 துடிப்பு தரும் மவுஸை அப்படியே இணைத்தால், நொடிக்கு நான்கு அங்குலம், அதாவது பத்து சென்டிமீட்டர் நகர்த்தினாலே வரம்பை எட்டிவிடும். ஆகவே துடிப்பைக் குறைத்துத் தரும் அமைப்பு அடாப்டரில் இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். இல்லையென்றால், 400 முதல் 800 வரை மாற்றிக்கொள்ளக்கூடிய மவுஸைத் தேடுங்கள். சுட்டி வேகமாக ஓடுகிறது என்பதற்காக வர்க்பெஞ்சின் விருப்ப அமைப்பில் வேகத்தைக் குறைத்தால் இந்தப் பாய்ச்சல் நிற்காது. எண்ணி நிரம்புவது அதற்கு முந்தைய கட்டம்.

உருட்டுச் சக்கரம் அமிகாவில் தானாக வேலை செய்யாது. அடாப்டர் அதை ஆதரித்தாலும் அதற்கான டிரைவரை வர்க்பெஞ்சில் நிறுவ வேண்டும். நடுப் பொத்தானுக்குப் பின் 5 ஏற்கெனவே இருக்கிறது.

ராஸ்பெரி பை பிகோ கொண்டு நீங்களே அடாப்டர் செய்ய நினைத்தால் ஓர் எச்சரிக்கை: அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட்டைத் தாங்குவதற்கானவை அல்ல. அமிகாவின் குறிகைக் கம்பிகளோ உள்ளிருந்து 5 வோல்ட்டுக்கு இழுத்துவைக்கப்பட்டவை. இடையில் டிரான்சிஸ்டர்களையோ மின்னழுத்த மாற்றியையோ வைக்காமல் இணைக்காதீர்கள்.

8. செருகிச் சோதிக்கும் வரிசை

கணினியை அணைத்து, மவுஸை அமிகாவின் 1-ஆம் போர்ட்டில் முழுமையாக அழுத்திச் செருகுங்கள். அடாப்டர் என்றால், மவுஸை அடாப்டரோடு முதலிலேயே இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். இயக்கியதும் சில நொடிகள் எதையும் தொடாமல், திரை வழக்கம்போல வருகிறதா, முனை அருகே சூடு தெரிகிறதா என்று கவனியுங்கள். திரை வராவிட்டாலோ சூடு தெரிந்தாலோ உடனே அணைத்துவிட்டு ஆறாம் படியின் மல்டிமீட்டர் சோதனைக்குத் திரும்புங்கள்.

அமிகாவுக்குள் பதிந்திருக்கும் தொடக்க நிரலான கிக்ஸ்டார்ட் 2.0 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால், வட்டு எதுவும் இல்லாமலே பொத்தான்களைச் சோதிக்கலாம்: இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தபடி கணினியை இயக்குங்கள், தொடக்கப் பட்டியல் வந்தால் இரண்டும் நலம். அடுத்து அமிகா டெஸ்ட் கிட்டில் நான்கு திசைகளையும் மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். மெதுவாக நகர்த்தும்போது தவறினால் கம்பியிலோ உணரியிலோ குறை. வேகமாக நகர்த்தும்போது மட்டும் தவறினால் துடிப்பு எண்ணிக்கை அதிகம். இறுதியாக, மவுஸை நேரடியாகப் படிக்கும் ஒரு விளையாட்டைக் கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். வர்க்பெஞ்சில் நன்றாக நகர்ந்துவிட்டு விளையாட்டில் தடுமாறும் அடாப்டர்கள் உண்டு, அதைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கண்டுபிடிப்பது நல்லது.

எல்லாம் சரியென்றால், ஆறாம் படியில் நீங்கள் செய்த நடு இணைப்பின் மூடியில் “அட்டாரி மவுஸ் – அமிகா கணினி” என்று எழுதி ஒட்டுங்கள். அதே இணைப்பின் வழியாக அமிகா மவுஸை அட்டாரியிலும் பயன்படுத்தலாம் என்பதால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.